தங்கப்பாண்டியன் முதலாளி மலை ஏறிய விதம்

இதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. பொய் ஏதாவது கலந்திருந்தால் ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் இனி வருகிற சீசனெல்லாம் இந்த நாக்குக்குப் புளிக்கட்டும். ராத்திரி பரோட்டாவைப் பிய்த்துப் போட்ட பிறகு சால்னா தீர்ந்துவிட்டதென்று கடைக்காரர் கையை விரிக்கட்டும். இதற்கு மேல் ஒரு மனுஷன் எதன்மேல் சத்தியம் செய்ய முடியும்.

ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற ரோட்டில் பேண்டேஜ் துணி கம்பெனி வைத்திருப்பவர் தங்கப்பாண்டியன். எங்கெங்கோ இருக்கிற மனிதர்களின் காயங்களுக்குக் கட்டுகிற துணி அவர் தறியிலிருந்து போகிறது. அவரிடம் நெடுங்காலமாகக் கார் ஓட்டுகிறவர் ஐயாதுரை. கார் ஓட்டுவது என்பது சம்பளத்துக்காகச் சொல்லிக்கொள்ளும் வேலை. மெய்யாக அவர் பார்த்த வேலை, தங்கப்பாண்டியனாக இருப்பது.

முதலாளிக்கு எங்கேயும் நேரில் போகப் பிடிக்காது. கல்யாணமென்றால் ஐயாதுரை போய் முன்வரிசையில் உட்கார்ந்து, முதலாளி சாப்பிடுகிற அளவுக்குச் சாப்பிட்டு வருவார். துஷ்டி வீடென்றாலும் ஐயாதுரைதான். செத்தவருக்கும் முதலாளிக்கும் எவ்வளவு நெருக்கம் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு அதற்குத் தக்கபடி அழுவார். சனிக்கிழமை விரதம் முதலாளி பேரில் ஐயாதுரை இருந்தார். பலன் முதலாளிக்கு, பசி ஐயாதுரைக்கு. முதலாளி நேர்ந்துகொண்ட மொட்டையும் ஐயாதுரை தலையில்தான் விழுந்தது. சாமி ஆட்சேபம் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி கேட்டிருந்த ஆர்டர் அந்த மாதமே வந்து சேர்ந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டுமென்று டாக்டர் சொன்ன அன்றைக்கு மட்டும் முதலாளி ஐயாதுரையின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். ஐயாதுரை வாயை இறுக மூடிக்கொண்டு கார் துடைக்கப் போய்விட்டார்.

இதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கொஞ்சம் வசதியுள்ளவர்கள் எல்லாருமே ஆளனுப்பிப் பழகியவர்கள். ஆள் வந்தால் முதலாளி வந்த மாதிரி. பன்னீர் தெளிப்பதும் அப்படித்தான், நாற்காலி போடுவதும் அப்படித்தான்.

ஆனால் ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் முதலாளி ஆளனுப்பவில்லை. அது, காரணமில்லாமல் அழுவது.

போன ஐப்பசியில் ஆரம்பித்தது. மதுரைக்கு நூல் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவார். கிருஷ்ணன்கோவில் விலக்கு வந்ததும் வண்டியை இடதுபக்கம் திருப்பச் சொல்வார். பிளவக்கல் அணைக்கரையில் ஒரு புளியமரத்தடியில் வண்டி நிற்கும். முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுவார். ஐயாதுரை வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பிறகு கண்ணாடி இறங்கும். ஏசிக் காற்று கண்ணில் பட்டுவிட்டது என்பார் முதலாளி. ஏசி வேலை செய்யாமல் போய் ரொம்ப நாளாகிறது என்பதை ஐயாதுரை சொல்லிக்கொள்ளவில்லை.

தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிள்ளைகள் படித்து நல்ல வேலையில் இருந்தார்கள். மனைவி மகாலட்சுமி முகம் கோணாத மனுஷி. துக்கத்துக்குக் காரணம் என்று ஒன்றைக் கையில் எடுத்துக் காட்ட முடியவில்லை. முதலாளிக்கு அதுதான் பெரிய வெட்கம். நஷ்டம் வந்து அழுதால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லாமல் அழுவதை யாரிடம் போய்ச் சொல்வது. ஸ்டீரிங்கைத் தொட வைத்து ஐயாதுரையிடம் சத்தியம் வாங்கியிருந்தார். யாரிடமும், மகாலட்சுமியிடம்கூட, மூச்சு விடக்கூடாது.

தை மாதம் ஒருநாள் முதலாளி அழவில்லை. காரை விட்டு இறங்கிக் கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தக்காளி விலை கேட்கிற குரலில் கேட்டார்.

"ஏலே, இந்த எடத்துல எம்புட்டு ஆழம் இருக்கும்?"

ஐயாதுரை சட்டென்று முதலாளிக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நின்றார். முழங்கால் அளவுதான் இருக்கும் மொதலாளி, சும்மா சகதி என்றார். அன்றைக்கு அணை நிறைந்து மறுகால் போய்க்கொண்டிருந்தது.

அதற்கடுத்த வாரத்திலிருந்து கிருஷ்ணன்கோவில் விலக்கில் யானை நிற்க ஆரம்பித்தது. அணைக்குப் போகிற ரோட்டை மறித்துக்கொண்டு ஒற்றை யானை நிற்கிறது, யாரையும் விடவில்லை என்று ஐயாதுரை வண்டியைத் திருப்பிவிடுவார். மறுவாரம் அந்த யானை குட்டி போட்டிருந்தது. அதற்கும் அடுத்த வாரம் குட்டிக்கு உடம்புக்கு ஆகவில்லை, ரோட்டிலேயே படுத்துக் கிடந்தது. முதலாளி இளகிய மனசுக்காரர். குட்டிக்கு வாழைத்தார் வாங்கிக் கொடுத்தனுப்பினார். அதையும் நேரில் போய்க் கொடுக்கவில்லை, ஐயாதுரையிடம்தான் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க ஐயாதுரை வீட்டில் மூன்று வேளையும் வாழைப்பழம்.

ஆனால் யானையை எத்தனை நாள்தான் ரோட்டில் நிறுத்திவைப்பது. ஐயாதுரைக்குத் தூக்கம் போயிற்று. சொன்னால் சத்தியம் உடையும். சொல்லாவிட்டால் ஒருநாள் முதலாளி ஆட்டோ பிடித்துப் போய்விடுவார்.

இந்தச் சமயத்தில்தான் ஹெப்சிபா கம்பெனிக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மனசு சரியில்லாதவர்களுக்கு ஆலோசனை சொல்கிற சிறிய நிலையம் நடத்துகிறவர். மலையடிவாரத்து ஊர்களுக்குப் போய் ஆட்களைப் பார்க்க அவருக்கு ஒரு வேன் வேண்டியிருந்தது. அதற்கு நிதி திரட்டவும், மனநலத்தைப் பற்றி ஜனங்கள் கூச்சமில்லாமல் பேசவும் செண்பகத்தோப்பிலிருந்து காட்டழகர் கோயில் வழியில் ஒரு மலையேற்றம் ஏற்பாடு செய்திருந்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் நடந்தால் மற்றவர்களுக்கும் துணிச்சல் வரும் என்பது அவர் எண்ணம். வனத்துறையில் அனுமதியும் வாங்கிவிட்டார்.

முதலாளி அந்த நிமிஷமே நன்கொடை கொடுத்துப் பேரையும் கொடுத்தார். ஐயாதுரைக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் பூராவும் அந்தம்மாவோடு நடந்தால் பேச்சோடு பேச்சாக முதலாளியே வாயைத் திறந்துவிடுவார்; சத்தியமும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார். தன் கைக்காசைப் போட்டு முதலாளி கால் அளவுக்கு ஷூ வாங்கி வந்தார். ஊரெங்கும் ஃப்ளெக்ஸ் போர்டு வைத்தார்கள். நாற்பது சொச்சம் பெரிய மனிதர்களின் முகங்கள், பின்னால் பனிமூடிய சிகரம். செண்பகத்தோப்பில் பனி பெய்தது அந்த போர்டில்தான்.

மலையேற்றத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் முதலாளி ஷூவை எடுத்து ஐயாதுரை கையில் கொடுத்தார்.

"நீ போயிட்டு வா. எனக்கு முழங்காலு ஒத்துவராது."

இதுக்கு ஆளனுப்பினால் நல்லா இருக்காது என்று ஐயாதுரை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். விரதத்துக்கு அனுப்பினோம், மொட்டைக்கு அனுப்பினோம், மலை என்ன அதைவிட ஒசத்தியா என்று முதலாளி கேட்டார். "பனியன்ல எம் பேரைத்தானலே போட்டிருக்காங்க. பேரு ஏறினாப் போதும்."

மறுநாள் விடியற்காலையில் செண்பகத்தோப்பில் பச்சைப் பனியன்களாக நின்றன. முதுகில் கொட்டை எழுத்தில் பெயர். ஹெப்சிபா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். தங்கப்பாண்டியன் என்றதும் ஐயாதுரை கையைத் தூக்கினார். கண்ணுச்சாமி என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கும் கண்ணுச்சாமிக்கு எழுபது வயதாகிறது; கை தூக்கியவர் அவர் கடை அடுப்பில் பால் கிண்டுகிற ஜெயபாண்டி, தேக்கு மரம் மாதிரி ஆள். கிருபாபாய் என்றார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் வீட்டில் வேலை பார்க்கிற பாண்டிசெல்வி விறைப்பாக நின்று, "உள்ளேன்" என்றாள்.

கடைசிப் பெயர் வரைக்கும் இதே கதைதான். ஊர்ப் பெரிய மனிதர்களில் ஒருத்தர்கூட வரவில்லை. ஆனால் எல்லாரும் வந்திருந்தார்கள்.

ஹெப்சிபா செத்த நேரம் ஃப்ளெக்ஸில் இருந்த முகங்களைப் பார்த்தார், எதிரே இருந்த முகங்களைப் பார்த்தார். வேறொருத்தராக இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார். "சரி, காலு யாருதா இருந்தா என்ன. நடங்க" என்றார்.

நடந்தார்கள். வந்தவர்கள் கடமை தவறாதவர்கள்; ஏமாற்றத் தெரியாது. கண்ணுச்சாமிக்கு வலது முழங்கால் வலி என்பதால் ஜெயபாண்டி அடிவாரத்திலிருந்தே வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். சமதரையில் ஒருதரம் மறந்துபோய் நேராக நடந்தவர், நினைவு வந்ததும் பின்னால் போய் அந்தத் தூரத்தை மறுபடியும் நொண்டி வந்தார். பாண்டிசெல்வி டீச்சரின் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டு நடந்தவர்களை வரிசையில் நிற்கச் சொன்னாள். பருத்த அரிசி ஆலைக்காரர் ஒருவருக்காக வந்திருந்த ஒல்லியான மனிதர், பாறைக்குப் பாறை உட்கார்ந்து, இல்லாத தொந்தியைத் தடவிக்கொண்டு மூச்சு வாங்கினார். ஐயாதுரையும் தன்னால் ஆனதைச் செய்தார். யாராவது தண்ணீர் பாட்டிலை நீட்டினால், வாங்கி மூடியைத் திறக்க இன்னொருத்தரிடம் கொடுத்தார். முதலாளி அப்படித்தான்.

மரத்துக்கு மரம் மலை அணில்கள் வந்து எட்டிப் பார்த்தன. அந்த மலையில் அணில் என்றால் பூனையைப் போல இரண்டு பங்கு. நொண்டிக்கொண்டும் மூச்சிரைத்துக்கொண்டும் குடை பிடித்துக்கொண்டும் பச்சைச் சட்டையில் ஒரு கூட்டம் போவதைப் பார்த்து, ஒரு கிழட்டு அணில் கையிலிருந்த பழத்தைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டது.

பாதி வழியில் ஓடைக்கரைப் பாறையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஹெப்சிபா போட்டிருந்த திட்டம் இதுதான்: ஒவ்வொருத்தரும் தன் மனசில் கனமாக இருக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே பேசியது இந்த ஓடையைத் தாண்டக் கூடாது.

ஜெயபாண்டி எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார். சொல்ல வேண்டியது தன் கவலையையா, கண்ணுச்சாமி அண்ணாச்சியின் கவலையையா. இது பெரிய விவாதமாகிவிட்டது. முதலாளி பேரில் வந்துவிட்டு, முதலாளி பனியனைப் போட்டுக்கொண்டு, தன் சொந்தக் கவலையைச் சொல்வது துரோகம் என்று பாண்டிசெல்வி சொன்னாள். அரிசி ஆலை மனிதரும் அதை ஆமோதித்தார். ஹெப்சிபா வாயைத் திறப்பதற்குள் தீர்மானம் ஆகிவிட்டது. அவரவர் முதலாளியின் கவலையை அவரவர் சொல்வது.

ஜெயபாண்டி நொண்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். கண்ணுச்சாமிக்கு வீட்டம்மா போன நாளிலிருந்து நாக்கில் இனிப்பே தெரியவில்லை. சீனி, தேன், வெல்லம், எதைப் போட்டாலும் மண் மாதிரி இருக்கிறதாம். பால்கோவா கடைக்காரருக்கு இனிப்புத் தெரியாது என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும். அதனால் தினமும் கடைசி அடுப்பை இறக்கிய பிறகு ஜெயபாண்டியைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு விரல் எடுத்து நாக்கில் வைக்கச் சொல்லி, இனிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார். ருசியைச் சொன்னால் போதாது, எப்படி இனிக்கிறது என்று விவரமாகச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "நேத்து சொல்லும்போது எனக்கே அழுகை வந்துட்டு, மேடம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்தார் ஜெயபாண்டி.

அடுத்து பாண்டிசெல்வி. கிருபாபாய் டீச்சர் தினமும் காலையில் சேலை கட்டி, கையில் பிரம்பு எடுத்துக்கொண்டு, கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கிறார். அவர் கடைசியாகப் பாடம் நடத்திய வகுப்பு. அத்தனை பேரும் மனப்பாடம். ஆள் இல்லாததால் பாண்டிசெல்விதான் அத்தனை பேருக்கும் உள்ளேன் சொல்கிறாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு குரலில் சொல்ல வேண்டும். போன மாதம் ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வகுப்பே வரவில்லை என்று டீச்சர் சாயங்காலம் வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். கிளையில் உட்கார்ந்திருந்த கிழட்டு அணில் வாலைத் தொங்கவிட்டது.

பிறகு தங்கப்பாண்டியன் முறை வந்தது.

ஐயாதுரை எழுந்து நின்றார். எங்கள் முதலாளிக்கு ஒரு கவலையும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்குப் பாறை சுட்டது. ஸ்டீரிங்கைத் தொட்டது நினைவுக்கு வந்தது. அணைத் தண்ணீரும் நினைவுக்கு வந்தது. மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த ஜெயபாண்டி, என்ன அண்ணாச்சி, ஒங்க மொதலாளிக்கு மூலமா என்று காதில் கேட்டார்.

அப்போதுதான் ஐயாதுரைக்கு அந்த யோசனை வந்தது. சத்தியம் செய்தது ஐயாதுரை. இன்றைக்கு ஐயாதுரை மலைக்கு வரவே இல்லை. முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பனியனில் பெயர் இருந்தது.

"நான் தங்கப்பாண்டியன்" என்று ஆரம்பித்தார். குரலே மாறிவிட்டது. "பேண்டேஜ் கம்பெனி வச்சிருக்கேன். ஒரு கொறையும் இல்ல. ஆனா அடிக்கடி பிளவக்கல்லுக்குப் போயி கார்ல ஒக்காந்து அழுகேன். எதுக்கு அழுகேன்னு எனக்கே தெரியல. ஐயாதுரைன்னு ஒரு டிரைவரு இருக்கான். நல்ல மனுசன். சம்பளம்தான் அவனுக்குப் பத்தல, கூட்டிக் குடுக்கணும்." இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி எல்லாரும் கேட்டார்களா என்று பார்த்துக்கொண்டார். "ஒருநா தண்ணியப் பாத்து எம்புட்டு ஆழம்னு அவங்கிட்ட கேட்டேன். அவன் பயந்துட்டான். அன்னையிலேர்ந்து யானை நிக்குதுன்னு பொய் சொல்லி என்னைய அங்க போக விட மாட்டேங்கான்."

அதற்கு மேல் பேச வரவில்லை. துஷ்டி வீடுகளில் அளந்து அளந்து அழுது பழகியவர், அன்றைக்கு அளவு தெரியாமல் அழுதார். பாண்டிசெல்வி குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

ஹெப்சிபா எழுந்துவந்து அவர் முன்னால் உட்கார்ந்தார். அவர் ஒரு புத்திசாலித்தனம் செய்தார். ஐயாதுரையிடம் பேசவில்லை, தங்கப்பாண்டியனிடமே பேசினார்.

"அண்ணாச்சி, இது நோவுதான். காரணம் இல்லாமலும் வரும். வெட்கப்பட ஒண்ணுமில்ல, வைத்தியம் இருக்கு. ஒங்க டிரைவர்கிட்ட நான் சொன்னேன்னு ஒண்ணு சொல்லுங்க. யானையைக் காட்டி மறிச்சாப் போதாது. சாகணும்னு தோணுதான்னு நேராக் கேக்கச் சொல்லுங்க. கேட்டா அந்த நெனப்பு புதுசா வந்துராது. கேக்காம விடுறதுதான் ஆபத்து. கேட்ட பொறவு தனியா விடாம, வீட்ல சொல்லி, நாளைக்கே கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

டிரைவரிடம் சொல்கிறேன் என்று தங்கப்பாண்டியனாக இருந்த ஐயாதுரை மூக்கைச் சிந்திக்கொண்டு ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு மலை ஏறினார்களா, கோயில் வரை போனார்களா என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. ஜெயபாண்டி இறங்கி வரும்போது இரண்டு காலையும் நொண்டினார் என்பது மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

சாயங்காலம் கம்பெனி அறையில் முதலாளி தனியாக இருந்தார். ஐயாதுரை உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"என்னலே, மலையில நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டார் முதலாளி.

"நல்லா ஏறுனீய மொதலாளி. ரெண்டு எடத்துல மூச்சு வாங்குச்சு."

"பொறவு?"

"பொறவு அழுதீய."

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாரு முன்னாலயுமா?"

"எல்லாருந்தான் அழுதாங்க. ஒங்களுக்கு முந்தி ஒரு பால்கோவா கடைக்காரரு. பேரு சொல்லக்கூடாது."

"கண்ணுச்சாமியா?"

"அதான் பேரு சொல்லக்கூடாதுன்னுட்டேன்ல."

முதலாளி கோபப்படுவார் என்று ஐயாதுரை எதிர்பார்த்தார். முதலாளி கோபப்படவில்லை. கண்ணுச்சாமி எப்படி அழுதார், சத்தமாகவா, உள்ளுக்குள்ளேயா என்று மட்டும் விசாரித்தார். ஐயாதுரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"மொதலாளி, அன்னைக்கி ஆழம் கேட்டீயளே. சாகணும்னு தோணிச்சா?"

முதலாளி மேஜையில் கிடந்த துணிச் சுருளை எடுத்துப் பிரித்தார், சுற்றினார், மறுபடி பிரித்தார்.

"தோணிச்சு. இப்பவும் எப்பவாச்சும் தோணுது."

சொல்லி முடித்ததும் முதலாளியின் தோள் இறங்கியது. மூட்டையை இறக்கி வைத்த ஆள் மாதிரி இருந்தார். பிறகு அவரே கேட்டார்.

"அந்த எடத்துல முழங்காலு ஆழந்தானா?"

"பொய்யி மொதலாளி."

"யானை?"

"அதுவும் பொய்யி."

"வாழைத்தாரு?"

"அது மட்டும் நெசம். நல்லா இருந்துச்சு."

முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தறி மேஸ்திரி, மிஷினில் ஏதோ உரசுகிறது என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். அவ்வளவு நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு. சிரித்து முடித்து, நாளைக்கு அந்தம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று முதலாளி ஐயாதுரையிடம் சொன்னார். ஐயாதுரை அசையவில்லை.

"போறேன். ஒங்களுக்குப் பதிலாப் பேசுறேன். மாத்திரை குடுத்தா முழுங்குறேன். எனக்குத் தூக்கம் வந்துரும். ஒங்களுக்கு?"

அன்று ராத்திரி விஷயம் மகாலட்சுமியிடம் சொல்லப்பட்டது. சொன்னது முதலாளி, நேரில்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹெப்சிபாவின் நிலையத்துக்கு மகாலட்சுமியும் தங்கப்பாண்டியனும் வந்தார்கள். முதலாளி தலையில் துண்டைப் போட்டிருந்தார். வரவேற்பில் பெயர் கேட்டார்கள். "ஐயாதுரை" என்றார். மகாலட்சுமி அவர் தலைத் துண்டை இழுத்துச் சரியாக்கினார்.

காத்திருக்கிற பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்திருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள், கூரைக்குக் கீழேயே கறுப்புக் குடையை விரித்துவைத்திருந்தார். காற்றாடி பேப்பரைத் தூக்கியது. பேப்பருக்குப் பின்னால் இருந்தவர் கண்ணுச்சாமி.

"என்ன அண்ணாச்சி, இங்க?" என்றார் தங்கப்பாண்டியன்.

"கடையில ஜெயபாண்டின்னு ஒரு பய இருக்கான்லா. அவனுக்கு மனசு சரியில்ல, பாவம். அடுப்ப விட்டுட்டு வர முடியாது. அதான் அவனுக்குப் பதிலா நான் வந்தேன். நீங்க?"

"எனக்கும் டிரைவருக்காகத்தான். ரொம்ப நொந்துபோயிருக்கான்."

குடைக்குள்ளிருந்து கிருபாபாய் டீச்சரின் குரல் வந்தது. தன் வீட்டில் வேலை செய்கிற பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, அவள் சார்பில் தான் வந்திருப்பதாகச் சொன்னார். மூன்று பேரும் தங்கள் ஆட்களின் மனக்கஷ்டங்களைப் பற்றி வெகுநேரம் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தக் காலத்தில் வேலைக்காரர்களுக்கு மனசைத் திறந்து பேச ஆள் இல்லை என்று கண்ணுச்சாமி வருத்தப்பட்டார். கதவு திறந்தது. ஐயாதுரை என்று கூப்பிட்டார்கள். தங்கப்பாண்டியன் எழுந்து உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அந்த நிலையத்தில் பெரிய மனிதர்கள் கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் தங்கள் டிரைவருக்காகவும் சமையல்காரருக்காகவும் வாட்ச்மேனுக்காகவும் வந்தவர்கள். ராஜபாளையம் வட்டாரத்து டிரைவர்கள் மாதிரி மனசு நொந்த கூட்டம் தமிழ்நாட்டிலேயே இல்லை என்று வெளியூரிலிருந்து வந்த மனநல டாக்டர் அதிசயப்பட்டார். வேன் வந்தது. ஐயாதுரை பேரில் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தங்கப்பாண்டியன் வேளை தவறாமல் சாப்பிட்டார். மகாலட்சுமி எண்ணிக்கொடுத்தார். நல்ல நாளும் வந்தது, கெட்ட நாளும் வந்தது. கெட்ட நாளில் முதலாளி போன் செய்தார், ஐயாதுரை வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணுச்சாமி ஒரு சாயங்காலம் வழக்கம்போல ஜெயபாண்டியைக் கூப்பிடாமல் தானே ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்து, சீனி கூடிப்போச்சுலே, கண்ண எங்க வச்சிருக்க என்று திட்டினார். திட்டு வாங்கிய ஜெயபாண்டி தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் பால்கோவாவை இனாமாகக் கொடுத்துவிட்டார். கிருபாபாய் டீச்சர் இப்போதும் வருகைப்பதிவு எடுக்கிறார், ஆனால் பத்துப் பதினைந்து பேரைத்தான் கூப்பிடுகிறார். மற்றவர்கள் பாஸாகிப் போய்விட்டார்களாம்.

ஆவணி மாதம் ஒருநாள் தங்கப்பாண்டியன் தனியாக நிலையத்துக்கு வந்தார். தலையில் துண்டு இல்லை. பெஞ்ச் நிறைய ஊர்க்காரர்கள், எல்லாரும் யாருக்காகவோ வந்தவர்கள். வரவேற்பில் இருந்த பெண், வாங்க ஐயாதுரை என்றாள்.

"எம் பேரு தங்கப்பாண்டியன்மா" என்றார் முதலாளி. மலையில் பேசினால் அடிவாரத்தில் கேட்கிற குரல். "எனக்குத்தான் மனசு சரியில்லாம இருந்துச்சு. இப்பத் தேவல. பேர மாத்திப் போட்டுக்கோ."

பெஞ்சில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தராக எழுந்து வரிசையில் நின்றார்கள், பேரை மாற்றிக்கொள்ள.

இதில் ஐயாதுரை சத்தியத்தை உடைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது, மலையில் பேசியது தங்கப்பாண்டியன். மலையேற்றம் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை ஐயாதுரை ஆலங்குளத்தில், தங்கை மகளின் காதுகுத்தில், தாய்மாமனாகப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வீடியோ இருக்கிறது.